கச்சான் காற்றும் உப்பும் ஒரு எம்.ஜி. மிட்ஜெட்டும்

என் வீடு திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. 1965ஆம் ஆண்டு எம்.ஜி. மிட்ஜெட் ஒன்றை, கூரையில்லாத சின்ன இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் காரை, அங்கே வைத்து ஓட்டுகிறேன். "இந்த உப்புக்காத்துக்க இதை எப்படித் தாக்குப்பிடிக்க வைக்கிறீங்க?" என்று கனபேர் கேட்கிறார்கள். கேட்கிறவர்களில் பலருடைய வீட்டிலும் அப்பாவின் அல்லது மாமாவின் பழைய கார் ஒன்று கொட்டிலுக்குள் படங்கு மூடிக் கிடக்கிறது. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உப்பு கெடுக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் உப்பைவிடக் கூடுதலாகக் கெடுப்பது ஓடாமல் நிற்பது.

கார் பெரிய மாமாவுடையது. உவர்மலையில் இருந்த காலத்தில் வாங்கினார். பிறகு கனடாவுக்குப் பிள்ளைகளிடம் போய்விட்டார், கார் பல வருடம் நின்ற இடத்திலேயே நின்றது. என் கைக்கு வந்தபோது இஞ்சின் சுற்றியது, பிறேக் பிடிக்கவில்லை, கதவுக்குக் கீழே விரலால் குத்தினால் தகரம் உதிர்ந்தது.

சாமானுக்குப் பயப்பட வேண்டாம் என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். மிட்ஜெட் பார்க்கத்தான் அபூர்வமான கார். இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் அதைப் பூட்டியவர்கள் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கோப்பரேஷன்) கம்பனியின் சாதாரணக் கார்களின் உறுப்புகளைத்தான் எடுத்துப் பூட்டினார்கள். இஞ்சின் ஏ-சீரிஸ், 1098 சி.சி. மொரிஸ் மைனருக்குள் இருக்கிற அதே குடும்பம். ஸ்ரியரிங் ரக் மைனரிலிருந்து வந்தது, முன் சஸ்பென்ஷன் ஒஸ்ரின் ஏ35இலிருந்து வந்தது. மைனர் இன்னும் தெருவில் ஓடுகிற நாட்டில் இது பெரிய ஆறுதல். கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போனால் நான் மிட்ஜெட் என்ற பேரையே எடுப்பதில்லை. "மைனர் 1000க்கு வோட்டர் பம்ப் இருக்கா, பொயின்ற் செற் இருக்கா" என்றுதான் கேட்பேன். பேரைச் சொன்னால் விலையும் ஏறும், "அது இங்க எடுக்கேலாது" என்ற பதிலும் வரும்.

ஆனால் எல்லாம் பொருந்தாது. என்னுடையது போன்ற இரண்டாம் மார்க் மிட்ஜெட்டில் கிராங்கின் மெயின் பெயாரிங் 2 அங்குலம், மைனரில் 1¾ அங்குலம். ஹெட்டில் வால்வுகளும் வேறு அளவு. ஆகவே இஞ்சினின் அடிப்பகுதிக்குச் சாமான் வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு போய், கலிப்பரால் அளந்து பார்த்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

திருத்த வேலைக்கான ஆயுதங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன பிறகும், அதன் டொக்யாட்டில் வேலை செய்தவர்களின் வீடுகளில் விட்வேர்த் என்ற பழைய இங்கிலீஷ் அளவு ஸ்பனர்கள் தங்கிவிட்டன. இங்கிலீஷ் கார் என்றதும் அன்போடு அதை எடுத்து வந்து தருவார்கள். மிட்ஜெட்டுக்கு அது உதவாது. இதில் இருப்பவை யுனிஃபைட் மரையும் அங்குல அளவுத் தலையும்: 7/16, 1/2, 9/16. இந்த மூன்றும் இருந்தால் காரில் பெரும்பகுதியைக் கழற்றலாம். 1/2 அங்குலத்துக்கு 13 மில்லிமீற்றர் ஸ்பனர் போடுவார்கள். 12.7க்கும் 13க்கும் இடையில் இருக்கிற அந்தச் சின்ன ஆட்டம், கறள் பிடித்த நட்டின் மூலையை மழுக்கப் போதும். இன்னும் மோசமானது 8 மில்லிமீற்றர் பொல்ட். காரில் இருக்கிற பொல்ட்டுகளில் பல 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீற்றர், ஆகவே கடையில் கிடைக்கிற 8 மில்லிமீற்றர் பொல்ட் முதல் இரண்டு மரைக்கு நன்றாகவே இறங்கும். அதற்குப் பிறகு இறுகும். 5/16இல் அங்குலத்துக்கு 24 மரை, 8 மில்லிமீற்றரில் கிட்டத்தட்ட 20. அந்த இடத்தில் பலத்தைப் போட்டால் இரும்புக்குள் இருக்கிற மரை முழுதும் உரிந்துவிடும். வோட்டர் பம்ப் பூட்டுகிற துவாரம் ஒன்றில் யாரோ அப்படிச் செய்திருந்தார்கள். லேத் பட்டறையில் கொடுத்துத் துளைத்து, புது மரைச் சுருள் போட வேண்டி வந்தது. கை விரலால் கடைசி வரை சுற்ற முடியாத பொல்ட்டுக்கு ஸ்பனர் போடாதீர்கள்.

பழைய காரைத் திருத்துகிறபோது பாதி வேலை முன்னே தொட்ட கைகள் செய்ததை வாசிப்பதுதான். பெற்றோல் ஹோஸில் சைக்கிள் ரியூப் சுற்றியிருந்தது. ஃபியூஸ் கருகிப்போய், அதற்குச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றப்பட்டிருந்தது. இந்தக் காரில் இருப்பதே இரண்டு ஃபியூஸ்தான், அதில் ஒன்றுக்கு வெள்ளித்தாள்! ஆனாலும் அந்த மனிதர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. போரால் பாதையும் இல்லாமல் சாமானும் இல்லாமல் இருந்த வருடங்கள் அவை. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலம். கையில் இருந்ததைக் கொண்டு ஓட வைத்தார்கள், அதனால்தான் இன்று திருத்துவதற்கு ஒரு கார் இருக்கிறது. நான் வைத்திருக்கிற விதி இதுதான்: நெருப்பு, பெற்றோல், பிறேக் இந்த மூன்றோடு சம்பந்தப்பட்ட ஒட்டு வேலை எதுவாக இருந்தாலும் உடனே கழற்றிப் புதிது போடுவது. மற்றவை நன்றாக வேலை செய்தால் விட்டுவிடுவது. பெற்றோலையும் காற்றையும் கலக்கிற காபரேற்றரின் திரொட்டில் தண்டுக்கு யாரோ ஒரு லேத் பாஸ் பித்தளையில் புஷ் கடைந்து போட்டிருக்கிறார். அதை நான் ஒருநாளும் கழற்ற மாட்டேன். அவ்வளவு வடிவான வேலை.

மின்சாரத்தில் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. 1967 முடியும் வரை வந்த மிட்ஜெட்டுகளில் பற்றறியின் பொசிற்றிவ் முனைதான் பொடியில், அதாவது காரின் உடல் தகரத்தில், பூட்டுவது. இப்போதைய கார்களில் நெகற்றிவ். ஒருமுறை பற்றறியைச் சார்ஜ் பண்ணக் கொடுத்த இடத்தில் வழக்கப்படி நெகற்றிவ்வைப் பொடியில் பூட்டித் தந்துவிட்டார்கள். கார் ஸ்ராட் ஆனது, லைற்றும் எரிந்தது. அதுதான் இதிலுள்ள ஆபத்து. ஸ்ராட்டருக்கும் பல்புக்கும் எந்தப் பக்கம் என்பது பொருட்டில்லை, பற்றறியைச் சார்ஜ் பண்ணுகிற டைனமோவுக்குப் பொருட்டு உண்டு. பற்றறி ஒரு பக்கம் இழுக்க டைனமோ மறு பக்கம் இழுத்து, சார்ஜைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேற்றரின் பொயின்ற் கருகிவிடும். முன்னால் சார்ஜைக் காட்டுகிற சிவப்பு லைற் அணையாமல் நிற்பதைப் பார்த்தால் முதலில் பற்றறி முனைகளைத்தான் பாருங்கள். சரியாக மாற்றிப் பூட்டிய பிறகு டைனமோவுக்குத் திசை நினைவூட்ட வேண்டும். டைனமோவில் இருக்கிற இரண்டு வயரையும் கழற்றி, பற்றறியின் பொடியில் பூட்டாத முனையிலிருந்து ஒரு வயரை எடுத்து, டைனமோவின் சின்ன முனையில், எஃப் என்று குறித்ததில், கண நேரம் இரண்டு மூன்று தடவை தொட்டு எடுக்க வேண்டும். சின்னப் பொறி பறக்கும். அவ்வளவுதான். என் காரில் இப்போது பற்றறிக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயின்றால் "பொசிற்றிவ் பொடிக்கு" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்திருக்கிறேன்.

மற்ற மின்சாரக் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஊரின் காற்றால் வருவது. வயர்களை இணைக்கிற புல்லற் கனெக்டர்களை இழுத்துப் பார்த்தால் உள்ளே பச்சைத் தூள் இருக்கும். மெல்லிய எமரித் தாளால் தேய்த்து, வாஸ்லின் பூசித் திரும்பப் பூட்டினால் மங்கிய லைற் பளிச்சென்று எரியும். இஞ்சினையும் பொடியையும் இணைக்கிற பின்னல் வயரைக் கட்டாயம் பாருங்கள். அது அற்றுப்போனால் ஸ்ராட்டருக்குப் போகிற பெரிய கரண்ட் திரும்பி வருவதற்குச் சோக் கேபிளைத் தேடும். ஸ்ராட் அடிக்கும்போது சோக் குமிழ் சுடுகிறதென்றால் காரணம் அதுதான்.

காபரேற்றர் இரண்டும் எஸ்.யு. என்ற வகை, 1¼ அங்குலம். எனக்கு இந்தக் காரில் ஆகப் பிடித்த இடம் இதுதான். மேலே இருக்கிற மணி வடிவ மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு பிஸ்ரன், அதன் அடியில் ஊசி. பிஸ்ரனை விரலால் தூக்கி விட்டால், தடங்கல் இல்லாமல் இறங்கி அடியில் "டொக்" என்று சத்தம் கேட்க வேண்டும். சத்தம் மழுங்கலாக இருந்தால் ஊசி, பெற்றோல் வருகிற ஜெற்றில் உரசுகிறது. பிஸ்ரனை எமரியால் தேய்க்கவே கூடாது, பெற்றோல் நனைத்த துணி போதும். நடுத் தண்டுக்குள் மெல்லிய ஒயில் விட வேண்டும். அது வற்றினால் அக்சிலேற்றரை மிதிக்கும்போது கார் ஒருமுறை திக்கும்.

இரண்டு காபரேற்றரும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு துண்டு ரப்பர் குழாய் போதும். ஒரு முனையைக் காதில் வைத்து மறு முனையை ஒவ்வொரு வாயிலும் பிடித்தால் சீறல் கேட்கும். இரண்டு சீறலும் ஒரே சுருதியில் வரும் வரை ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். பிறகுதான் கலவை. பக்கத்தில் இருக்கிற சின்ன ஆணியால் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். இஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெற்றோல் கூடிப்போயிற்று. தடுமாறி நிற்கப் பார்த்தால் பெற்றோல் காணாது. கொஞ்சம் ஏறி உடனே பழைய வேகத்துக்கு வந்தால் சரி. ஜெற்றின் கீழே உள்ள நட்டை மேலே ஏற்றினால் கலவை மெலியும், கீழே இறக்கினால் தடிக்கும். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் மட்டுமே திருப்ப வேண்டும். இந்த வேலையைக் காலையில், காற்று எழும்பும் முன்னே, இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு செய்கிறேன்.

பெற்றோல் பம்ப் பின்னால் இருக்கிறது, மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பினால் சில நேரம் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் அடங்க வேண்டும். அடங்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது காபரேற்றரில் பெற்றோல் வழிகிறது. சத்தமே இல்லாவிட்டால் உள்ளே பொயின்ற் கருகி ஒட்டியிருக்கும். நின்ற கார்களில் இது சாதாரணம். பம்பின் பக்கத்தில் ஸ்பனர் பிடியால் மெதுவாகத் தட்டினால் வீடு வந்து சேரலாம், வந்த பிறகு பொயின்றைத் துப்புரவாக்குங்கள்.

கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் கார் சூடேறுகிறது என்று சொல்லி, கராஜுக்குக் கொண்டு போனால் முதல் வேலையாக, இஞ்சின் சூடேறும் வரை தண்ணீரைத் தடுத்து வைக்கிற தெர்மோஸ்டற்றைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். நான் அதற்குச் சம்மதிப்பதில்லை. ரேடியேற்றர் அடைபட்டிருந்தால் தெர்மோஸ்டற் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது சூட்டை வெளியே விடப் போவதில்லை. அதைக் கழற்றிவிட்டால் மாரி காலத்தில் இஞ்சின் சூடேறாமல் ஓடி ஒயிலுக்குள் ஈரம் சேரும். உண்மையான எதிரி தண்ணீர். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகளில் உவர். அந்தத் தண்ணீரை வருடக்கணக்காக விட்டால் ரேடியேற்றர் குழாய்களில் சுண்ணாம்பு படியும், இஞ்சினுக்குள் பின் பக்கம், நான்காவது சிலிண்டரைச் சுற்றிச் சேறு இறுகும். புளொக்கில் இருக்கிற தண்ணீர் வடிக்கும் பைப்பைக் கழற்றினால் ஒரு துளிகூட வராது. கம்பியால் குத்திக் குத்திக் கிளறினால் முதலில் செம்மண் நிறத்துக் கூழ் வரும், பிறகுதான் தண்ணீர் வரும். அப்படிக் கிளறிக் கழுவி, ரேடியேற்றரைத் திறந்து கம்பி விட்டுத் துப்புரவாக்கி, பற்றறிக்கு விற்கிற சுத்தத் தண்ணீரோடு கூலன்ற் கலந்து விட்ட பிறகு, மத்தியான வெயிலில் கந்தளாய் போய் வந்தாலும் சூடு காட்டுகிற மானியின் ஊசி நடுவைத் தாண்டுவதில்லை. ஹெட்டுக்கும் வோட்டர் பம்புக்கும் இடையில் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு ஹோஸ் ஒளிந்திருக்கும். நீண்ட பயணத்துக்கு முன் அதைக் கட்டாயம் தடவிப் பாருங்கள். வெடித்தால் வழியில் மாற்றுவது கடினம்.

இஞ்சினில் நான் விடாமல் பார்ப்பது டப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கிற கைக்கும் இடையில் உள்ள சந்து. குளிர்ந்த இஞ்சினில் 0.012 அங்குலம். எட்டு வால்வுக்கும் ஒன்பது என்ற கணக்கு நினைவிருந்தால் போதும்: எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிபார்ப்பது, ஏழாவது திறந்தால் இரண்டாவது, இப்படிக் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. ஈயம் கலந்த பெற்றோலுக்காகச் செய்த இஞ்சின் இது. இப்போதைய ஈயமில்லாப் பெற்றோலில் எக்ஸோஸ்ற் வால்வின் இருக்கை தேய்ந்து வால்வு மேலே ஏறிக்கொண்டே போகும், இடைவெளி குறையும். ஒவ்வொரு முறையும் அதே வால்வில் இடைவெளி குறைந்து வருகிறதென்றால் ஹெட்டைக் கழற்றி, கடினமான இருக்கை வளையம் போடுவதற்கு நேரம் வந்துவிட்டது. எழுதி வைத்தால்தான் இது தெரியும். நான் ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதுகிறேன்.

இனிக் கறள். இந்த ஊரில் பழைய கார் வைத்திருக்கிறவருக்கு முதல் வேலையும் கடைசி வேலையும் அதுதான். மிட்ஜெட்டுக்குத் தனிச் சேஸி கிடையாது. கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டி வடிவத் தகரமும் நடுவில் நீளமாக ஓடுகிற, சுரங்கம் போல வளைந்த தகரமும்தான் காரைத் தாங்குகின்றன. மேலே கூரை இல்லாததால் அந்தப் பெட்டிக்குப் பாரம் இன்னும் கூட. இங்கே ஃபைபர் கிளாஸ் படகு ஒட்டுகிற கைகளுக்குக் குறைவில்லை, "ரெண்டு நாளில ஒட்டித் தாறம்" என்று சொல்வார்கள். படகில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் கறள் தின்ற பெட்டிக்கு மேல் ஃபைபர் போட்டால் வெளியே வழுவழுப்பாக இருக்கும், உள்ளே உதிர்ந்துகொண்டே போகும், பலம் ஒன்றும் கிடைக்காது. தகரம் வெட்டித் தகரம்தான் ஒட்ட வேண்டும்.

டிங்கரிங் வேலைக்குக் கிண்ணியாவிலிருந்து ஒரு நானா வந்தார். லொறி, பஸ் என்று வாழ்நாள் முழுதும் தகரத்தோடு இருந்த கை. வந்து காருக்குக் கீழே படுத்து, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகரம் கணீரென்று சொன்ன இடத்தில் சோக்கட்டியால் ஒரு கோடு, மண் கொட்டிய இடத்தில் ஒரு வட்டம். எழும்பி வந்து, "தம்பி, இதுட முள்ளந்தண்டு இந்தப் பெட்டிதான். இத ஒரேயடியா வெட்டினா கார் நடுவால தொங்கிரும். முதல்ல கதவு வாசலுக்கு இரும்பு போட்டுக் கட்டணும்" என்றார். அவர் சொன்னதே சரியான முறை. கதவைக் கழற்றி, வாசலின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையில் ஆங்கிள் இரும்பைக் குறுக்கே ஒட்டி, காரை அச்சுகள் இருக்கிற இடங்களில் முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மற்றப் பக்கத்தைத் தொட்டோம். நடுவே நடுவே கதவை மாட்டி மூடிப் பார்த்தோம். கதவின் பின் விளிம்பில் மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவு இருக்க வேண்டும். மேலே ஒடுங்கினால் கார் தொங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பழைய கார் வாங்கப் போகிறவர்களும் இந்த இடைவெளியைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பெயின்றின் பளபளப்பை அல்ல.

ஒட்டி முடித்த பெட்டிக்குள் மெழுகு கலந்த ஒயிலைக் குழாயால் விசிறினோம். கீழே தண்ணீர் வடிகிற துவாரங்களைப் பெயின்ற் அடிக்கும்போது அடைத்துவிடாமல் பார்க்க வேண்டும். கடலோரமாக நிலாவெளிப் பக்கம் போய் வந்தால் அன்றைக்கே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுகிறேன், கிணற்று உவரால் அல்ல. பிளாஸ்ரிக் படங்கால் மூடுவதை விட்டுவிட்டேன். உள்ளே வியர்த்து, காலையில் பொனற் நனைந்து கிடக்கும். பருத்தித் துணி போதும், மேலே ஓடு போட்ட கொட்டில், பக்கங்கள் திறந்தபடி. மாரி தொடங்க முன் தரைவிரிப்பையும் அதன் அடியில் இருக்கிற சாக்கையும் எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். நனைந்த சாக்குத்தான் தரைத் தகரத்தைத் தின்கிறது.

பிறேக்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ரப்பர் கிற், ஹோஸ், பைப் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒன்றை மாற்றினால் அடுத்தது ஒழுகும். கிளச்சுக்கும் பிறேக்குக்கும் எண்ணெய் ஒரே டாங்கியிலிருந்துதான் போகிறது, ஆகவே கிளச் ஒழுகினாலும் அலட்சியம் வேண்டாம். டொட் 4 என்கிற பிறேக் எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும். இந்த ஊரில் வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவதுதான் நல்லது. இஞ்சின் ஒயிலை அதற்குள் ஒரு துளிகூட விடக் கூடாது, ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். ரயரின் பூ எவ்வளவு இருந்தாலும் பக்கத்தில் இருக்கிற நாலு இலக்கத்தை வாசியுங்கள்: முதல் இரண்டும் அதைச் செய்த வாரம், கடைசி இரண்டும் செய்த வருடம்.

கிறீஸ் அடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முன் சில்லு நிலத்தில் நிற்கும்போது, அது திரும்புவதற்கு அச்சாக இருக்கிற கிங் பின்னுக்கு அடித்தால் பாரம் தாங்குகிற பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. ஜக்கில் தூக்கி, சில்லைத் தொங்கவிட்டு, ஸ்ரியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பி, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே வந்து புதியது எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை இதைச் செய்கிறேன். வலது பக்கம் அப்படியே மென்மையாக வந்துவிட்டது. இடது பக்கத்தில் கிங் பின்னின் கீழே போகிற மரை போட்ட ஆணி, மாமா வீட்டில் நின்ற வருடங்களில், சில்லைத் தாங்குகிற கீழ்க் கையான விஷ்போனோடு இறுகிப்போயிருக்கிறது. ஆப்பு ஆணியைக் கழற்றியாயிற்று. சூடாக்கி, ஒயில் ஊறவிட்டு, பெரிய ஸ்குரூ ட்ரைவருக்கு ஸ்பனர் பூட்டித் திருப்பியும் அசையவில்லை. இனிக் கிங் பின்னுக்கும் விஷ்போனுக்கும் இடையில் இரண்டு பக்கமும் வாளால் அறுத்து எடுப்பதுதான் வழி. விஷ்போனின் மரையும் போயிருக்கலாம் என்பதால் அதையும் சேர்த்தே வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நானா வாளோடு வருகிறார்.